புதுப் பெயர் வைத்ததும் பழைய ஆட்கள் எங்கே போனார்கள்?

கேள்வி, மார்ச் 3

படக் கோப்புகளின் அளவைக் குறைக்கும் ஒரு நிரலகத்தை ஃபோர்க் செய்து, அதாவது அதன் நிரலை நகலெடுத்துத் தனித் திட்டமாக்கி, வேறு பெயரில் வெளியிட்டிருக்கிறோம். மூலத் திட்டத்தில் ரொம்ப நாளாக அசைவே இல்லை. பிழை அறிக்கைகளுக்குப் பதில் வருவதில்லை. உரிமம் எம்ஐடி. இப்போது பழைய பராமரிப்பாளர் திடீரென்று வந்து, தன் உழைப்பைத் திருடிவிட்டோம் என்கிறார். பெயர் மாற்ற எங்களுக்கு உரிமை உண்டுதானே? இதைத் திருட்டு என்றால் கட்டற்ற மென்பொருள் என்பதே திருட்டு என்று ஆகிவிடாதா?

மார்ச் 3, இரவு

பெயர் மாற்ற உரிமை உண்டு. அதில் சந்தேகமே வேண்டாம். சொல்லப்போனால், பழைய பெயரிலேயே வெளியிட்டிருந்தால்தான் வம்பு வந்திருக்கும்.

திறமூல வரையறையின் நான்காவது பிரிவைப் படித்துப் பாருங்கள். மாற்றி எழுதிய நிரல் வேறு பெயரிலோ வேறு பதிப்பு எண்ணிலோ வர வேண்டும் என்று ஓர் உரிமம் கேட்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. அச்சுக்கோப்புக்கான டெக் நிரலை டொனால்ட் குனூத் அப்படித்தான் விட்டிருக்கிறார்: எடுத்துக்கொள், மாற்றிக்கொள், ஆனால் மாற்றியதை டெக் என்று அழைக்காதே. கோப்புகளைச் சுருக்கும் ஸெட்லிப் நிரலகத்தின் உரிமமும் அதே ரகம். மாற்றிய பதிப்பு மாற்றியது என்று தெளிவாகத் தெரிய வேண்டும், மூலம் யாருடையது என்பதில் பொய் சொல்லக் கூடாது. ஆக, வேறு பெயர் வைப்பது மூல ஆசிரியருக்குச் செய்யும் மரியாதைகூட. உங்கள் பதிப்பில் வரும் பிழைக்கு அவர் வீட்டுக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள்.

அதனால் அவர் கோபம் பெயர் மாற்றத்தின் மேல்தானா என்று எனக்குத் தெரிய வேண்டும். மூன்று விஷயம் சொல்லுங்கள். உரிமக் கோப்பில் பதிப்புரிமை வரியில் இப்போது யார் பெயர் இருக்கிறது? கிட் வரலாறு, அதாவது யார் எப்போது எதை மாற்றினார் என்று கிட் கருவி வைத்திருக்கும் பதிவு, பழையதிலிருந்து தொடர்கிறதா, புதிதாகத் தொடங்கினீர்களா? ரீட்மி என்ற அறிமுகக் கோப்பில் மூலத் திட்டம் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா?

மார்ச் 4, காலை

பதில் பார்த்தேன். பதிப்புரிமை வரியில் உங்கள் குழுவின் பெயரையும் இந்த ஆண்டையும் போட்டிருக்கிறீர்கள். வரலாறு "இனிஷியல் கமிட்" என்ற ஒற்றைக் கமிட்டில், அதாவது ஒரே ஒரு மாற்றப் பதிவில், தொடங்குகிறது. ரீட்மியைப் புதிதாக எழுதியதால் பழைய திட்டத்தைப் பற்றிய பேச்சே அதில் இல்லை.

சரி, கோபத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

எம்ஐடி உரிமம் ஒரு பக்கம்கூட வராது. பயன்படுத்து, நகலெடு, மாற்று, விற்பனை செய், எல்லாவற்றுக்கும் அனுமதி தருகிறது. பதிலுக்கு அது கேட்பது ஒன்றே ஒன்று: பதிப்புரிமை அறிவிப்பும் இந்த அனுமதி அறிவிப்பும் எல்லா நகல்களிலும் கூடவே வர வேண்டும். அந்த ஒரே நிபந்தனையைத்தான் நீங்கள் எடுத்துவிட்டீர்கள். மற்றதெல்லாம் நாகரிகம் சார்ந்த விஷயம் என்று வாதாடலாம், இதை அப்படி வாதாட முடியாது. அவர் வரியை அப்படியே திரும்ப வையுங்கள். அதற்குக் கீழே உங்கள் வரியைச் சேருங்கள். இரண்டு வரி இருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. அப்பாச்சி உரிமத்தில் இருந்திருந்தால் நோட்டிஸ் கோப்பையும் கூடவே கொண்டுவர வேண்டியிருக்கும்.

இதை இன்றே செய்யுங்கள். வரலாற்றைப் பற்றி மாலையில் எழுதுகிறேன்.

மார்ச் 4, மாலை

"பழைய வரலாறு குப்பையாக இருந்தது, சுத்தமாகத் தொடங்க நினைத்தோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நிறைய பேர் சொல்வது இது. குப்பை போலத் தெரிவது உண்மைதான். "மறுபடி சரிசெய்தேன்", "இது வேலை செய்யணும்" என்றெல்லாம் கமிட் செய்திகள் இருக்கும். ஆனால் அதற்குள்தான் மனிதர்கள் இருக்கிறார்கள்.

படங்களைக் கையாளும் வேறொரு திட்டத்தில் நான் வேலை செய்தபோது ஒரு வரி கண்ணை உறுத்தியது. கேமரா படக் கோப்புக்குள் எழுதி வைக்கும் எக்சிஃப் தகவலில் படம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லும் எண் 1 முதல் 8 வரைதான் இருக்க வேண்டும். அந்த நிரலோ 0 வந்தால் என்ன செய்வது என்று தனியாக ஒரு சோதனை வைத்திருந்தது. தேவையே இல்லாத வரி போலத் தெரிந்தது. அழிப்பதற்கு முன், ஒவ்வொரு வரியையும் கடைசியாக எழுதியவர் யார் என்று காட்டும் கிட் பிளேம் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். யாரோ ஒருவர், அந்தத் திட்டத்துக்கு அவர் அனுப்பிய ஒரே கமிட் அதுதான், விளக்கம் எழுதியிருந்தார்: அவருடைய கேமரா தரநிலையை மதிக்காமல் 0 என்று எழுதுகிறது, அதனால் படங்கள் எல்லாம் பாதியில் நின்றுவிடுகின்றன, மாதிரிப் படம் பிழை அறிக்கையில் இருக்கிறது. வரியை அப்படியே விட்டுவிட்டேன். வரலாறு இல்லாமல் இருந்திருந்தால் அதை அழித்திருப்பேன், அந்த மனிதரின் படங்கள் மறுபடி உடைந்திருக்கும்.

உங்கள் களஞ்சியத்தில் இப்போது பிளேம் போட்டால் ஒவ்வொரு வரியையும் எழுதியவராக உங்கள் குழுவில் ஒருவர் பெயரே வரும். அவர் எழுதாத பல ஆயிரம் வரிகள். பழைய பராமரிப்பாளர் இதைத்தான் பார்த்திருப்பார்.

சரிசெய்வது கஷ்டமில்லை. பழைய களஞ்சியத்தை முழுதாக இறக்குங்கள். நீங்கள் நகலெடுத்த நாளில் அது எந்தக் கமிட்டில் நின்றது என்று கண்டுபிடியுங்கள். பிறகு உங்கள் புதிய கமிட்களை ரீபேஸ் மூலம் அதன் தலையில் அடுக்குங்கள். "இனிஷியல் கமிட்"டில் மிஞ்சுவது பெயர் மாற்றம் மட்டும்தான் இருக்கும். கமிட் அடையாள எண்கள் எல்லாம் மாறிவிடும், அதனால் நிறைய பேர் உங்கள் களஞ்சியத்தை எடுத்துக்கொள்வதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது. ஏற்கெனவே பலர் எடுத்துவிட்டார்கள் என்றால் கிட் ரீப்ளேஸ் கட்டளையால் பழைய வரலாற்றை ஒட்டலாம். ஆனால் அந்த ஒட்டு தானாக எல்லாருக்கும் போய்ச் சேராது. முதல் வழியே மேல்.

மார்ச் 6

பெயர் மாறினால் அடையாளமே போய்விடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஈதிரியல் என்ற வலைப்பின்னல் ஆய்வுக் கருவியை எழுதியவர் ஜெரால்ட் கோம்ஸ். 2006-ல் அவர் வேலை மாறினார். நிரல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் இருந்ததால் அதை எடுத்துக்கொண்டு போக முடிந்தது. பெயரை மட்டும் எடுத்துப்போக முடியவில்லை, வணிகக்குறி பழைய நிறுவனத்திடம் நின்றுவிட்டது. அதனால் வயர்ஷார்க் என்று புதுப் பெயர் வைத்தார். இன்று பிணையப் பொறியாளர்கள் வயர்ஷார்க் என்றுதான் சொல்கிறார்கள், ஈதிரியல் என்றால் பலருக்குத் தெரியாது. ஏன்? ஆட்கள் எல்லாரும் புதுப் பெயரோடு வந்துவிட்டார்கள். அதன் ஆத்தர்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள், மூல ஆசிரியரில் தொடங்கி பங்களிப்பாளர் வரிசை போய்க்கொண்டே இருக்கும். "பற்றி" சாளரத்திலும் அதற்கென்று தனிப் பக்கம் உண்டு.

நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் ஹட்சன் என்ற கருவி 2011-ல் ஜென்கின்ஸ் ஆனதும் இதே காரணத்தால்தான். பெயர் தனக்குச் சொந்தம் என்று ஆரக்கிள் சொன்னது. சமூகம் வாக்கெடுத்துப் பெயரை விட்டுவிட்டு வெளியேறியது. ஹட்சனைத் தொடங்கிய கோசுகே கவாகுச்சியும் கூடவே போனார். ஓபன்ஆஃபீஸ் என்ற அலுவலக மென்பொருளின் கூட்டத்தில் பெரும்பகுதி 2010 செப்டம்பரில் லிப்ரேஆஃபீஸ் ஆனது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தை எழுதிய மைக்கேல் விடேனியஸ் 2009-ல் மரியாடிபியைத் தொடங்கினார். அவருடைய மூத்த மகள் பெயர் மை, இளையவள் பெயர் மரியா. நடுவில் மகன் மேக்ஸ் பெயரில் மேக்ஸ்டிபி என்று ஒன்று. மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு தரவுத்தளம்!

இந்த எல்லாக் கதையிலும் பெயர் ஒரு நிறுவனத்தின் கையில் மாட்டிக்கொண்டது. எழுதியவர்களின் பெயர்கள் மாட்டிக்கொள்ளவில்லை. ஏனென்றால் அவை நிரலோடும் வரலாற்றோடும் ஒட்டியிருந்தன. உங்கள் ஃபோர்க்கில் நடந்தது இதற்கு நேர் எதிர்.

மார்ச் 7

ஃபயர்பாக்ஸ் உலாவியின் பெயர் மாற்றங்களைப் பற்றிக் கேட்டவருக்கு: முதலில் 2002-ல் ஃபீனிக்ஸ். அந்தப் பெயரில் ஒரு நிறுவனம் ஏற்கெனவே இருந்ததால் 2003-ல் ஃபயர்பேர்ட். அந்தப் பெயரிலும் ஒரு திறமூலத் தரவுத்தளம் இருந்தது, அவர்கள் எதிர்த்தார்கள். 2004 பிப்ரவரியில் ஃபயர்பாக்ஸ். இரண்டாவது மாற்றம் எனக்குப் பிடிக்கும். வழக்கு, வக்கீல் என்று போகாமல், சின்னச் சமூகம் ஒன்று தன் பெயருக்காகக் குரல் கொடுத்துப் பெரிய திட்டத்தை மாற்ற வைத்தது.

அப்புறம் 2006-ல் ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவே வேறு பக்கத்தில் நின்றது. தங்கள் இலச்சினை இல்லாமல், தாங்கள் ஒப்புக்கொள்ளாத திருத்தங்களோடு ஃபயர்பாக்ஸ் என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டாரிடம் சொன்னார்கள். டெபியன் அதை ஐஸ்வீசல் என்று மாற்றி வைத்து, 2016 வரை அந்தப் பெயரிலேயே தந்தது. பத்து வருடம்.

மார்ச் 9

பெயர் மாற்றும் வேலையை எப்படிச் செய்வது என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். எல்லாருக்கும் பயன்படும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

மொத்தமாகத் தேடி மாற்றும் கட்டளையை நம்பாதீர்கள். ஒரு திட்டம் பெயர் மாறியபோது அந்தப் பேட்ச், அதாவது மாற்றங்களின் தொகுப்பு, என்னிடம் பரிசீலனைக்கு வந்தது. பல நூறு கோப்புகளில் மாற்றம். முதல் பார்வையில் எல்லாம் சரி. நிதானமாக உருட்டிக்கொண்டு வந்தேன். பதிப்புரிமை வரிகளில் "இன்ன திட்டத்தின் பங்களிப்பாளர்கள், 2009" என்று இருந்தது, புதுப் பெயரோடு "பங்களிப்பாளர்கள், 2009" என்று ஆகியிருந்தது. 2009-ல் அந்தப் பெயரே பிறக்கவில்லை. அதைவிட மோசம், மூல ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரி. அவருடைய தளத்தின் பெயரும் திட்டத்தின் பெயரும் ஒன்று. கட்டளை அதையும் மாற்றிவிட்டது. யாருக்கும் சொந்தமில்லாத முகவரி ஒன்று அவர் பெயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. யாராவது அந்தத் தளப் பெயரை நாளைக்கு வாங்கினால் அவருக்கு வரும் அஞ்சல் எல்லாம் அங்கே போகும்.

பேட்ச் அனுப்பியவர் நல்ல மனிதர். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. இப்படித்தான் பெயர்கள் தொலைகின்றன, பெரும்பாலும் திருட்டில் இல்லை, அவசரத்தில்.

நான் சொல்லும் வரிசை இது. உரிமக் கோப்பு, ஆத்தர்ஸ் கோப்பு, பழைய மாற்றப் பதிவுகள், பதிப்புரிமை வரிகள், இவற்றை விலக்கிவிட்டு மற்றதை மாற்றுங்கள். கோப்புப் பெயர் மாற்றத்தையும் உள்ளடக்க மாற்றத்தையும் ஒரே கமிட்டில் போடாதீர்கள். கிட் பெயர் மாற்றத்தைப் பதிந்து வைப்பதில்லை. இரண்டு கோப்புகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்த்து ஊகிக்கிறது, அவ்வளவுதான். வழக்கமான எல்லை ஐம்பது சதவீதம். பெயரையும் மாற்றி உள்ளேயும் பாதிக்கு மேல் மாற்றினால், கிட் அதைப் பழையது அழிந்து புதியது பிறந்ததாகக் காட்டும். பிளேம் அங்கேயே அறுந்துவிடும். இடைவெளி, அடைப்புக்குறி எல்லாம் ஒழுங்குபடுத்தும் கமிட் இருந்தால், அதைப் புறக்கணிக்கச் சொல்லும் பட்டியல் கோப்பு வையுங்கள். கிட் 2.23-லிருந்து அந்த வசதி உண்டு.

மார்ச் 10

"அப்படியானால் எழுதியவர் பெயரை எல்லா இடத்திலும் போட வேண்டும் என்று உரிமத்திலேயே கட்டாயப்படுத்தலாமே?" என்று ஒரு கேள்வி வந்தது. நேற்றுவரை நானும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். பழைய கதைகளைத் திரும்ப யோசித்ததில் தயக்கம் வந்திருக்கிறது.

பழைய பிஎஸ்டி உரிமத்தில் ஒரு விதி: இந்த மென்பொருளின் அம்சங்களைக் குறிப்பிடும் எல்லா விளம்பரத்திலும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு நன்றி சொல்லும் வாக்கியம் வர வேண்டும். ஒரு வாக்கியம்தானே என்று தோன்றும். மற்றவர்கள் அதே உரிமத்தை நகலெடுத்து, பல்கலைக்கழகத்தின் பெயருக்குப் பதிலாகத் தங்கள் பெயரைப் போட்டார்கள். 1997-ன் நெட்பிஎஸ்டி இயங்குதளப் பதிப்பு ஒன்றில் இப்படி 75 வாக்கியங்கள் இருந்ததாக ரிச்சர்ட் ஸ்டால்மன் எண்ணிச் சொல்லியிருக்கிறார். ஒரு விளம்பரத்தில் 75 நன்றி வாக்கியம் யார் போடுவார்கள்? 1999-ல் பல்கலைக்கழகமே அந்த விதியைக் கைவிட்டது.

2004-ல், லினக்ஸில் சாளரங்களைக் காட்டும் நிரலை எழுதிவந்த எக்ஸ்ஃப்ரீ86 திட்டம் கிட்டத்தட்ட அதே தவறைச் செய்தது. 4.4 பதிப்பில் நன்றி தெரிவிக்கும் நிபந்தனையோடு புது உரிமம் கொண்டுவந்தார்கள். ஜிபிஎல்லோடு அது ஒத்துப்போகாது என்று பல லினக்ஸ் வெளியீடுகள் அதைத் தொட மறுத்தன. உரிமம் மாறுவதற்கு முந்தைய நிரலிலிருந்து எக்ஸ்.ஆர்க் கிளம்பியது, எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். இத்தனைக்கும் எக்ஸ்ஃப்ரீ86 ஆட்கள் கேட்டது அநியாயமான ஒன்றில்லை. லினக்ஸ் திரையில் ஒரு சாளரம் தெரிந்ததே அவர்கள் உழைப்பால்தான். அவர்கள் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

ஜிபிஎல் 3 நடுவழி ஒன்று வைத்திருக்கிறது. 7-வது பிரிவின்படி நியாயமான அளவில் ஆசிரியர் பெயர்களைப் பாதுகாக்கச் சொல்லலாம், மூலத்தைத் திரித்துச் சொல்லக் கூடாது என்று சேர்க்கலாம். எனக்கு அது போதும் என்று படுகிறது. பெயர் கூடவே வர வேண்டும், ஆனால் எல்லாச் சுவரிலும் ஒட்ட வேண்டியதில்லை.

மார்ச் 12

கமிட் செய்பவர்களைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம் என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். முழுக்கச் சரி. எனக்கு இது நேரடியாகத் தெரிந்த இடம், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் முதலில் மென்பொருள் உலகத்துக்குள் வந்தது இடைமுக மொழிபெயர்ப்பு வழியாக. மொழிபெயர்ப்பு பிஓ கோப்புகளில் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் "லாஸ்ட் டிரான்ஸ்லேட்டர்" என்று ஒரு புலம். பெயரே சொல்கிறது, கடைசியாகத் தொட்டவர். இரண்டாயிரம் சரங்களை, அதாவது திரையில் வரும் சொற்றொடர்களை, ஒருவர் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பெயர்க்கலாம். அப்புறம் இன்னொருவர் வந்து ஒரு முற்றுப்புள்ளியைத் திருத்துவார். கோப்பு அவர் பெயருக்குப் போய்விடும். இதைச் சமாளிக்கத்தான் பழைய ஆட்கள் கோப்பின் உச்சியில் குறிப்பு வரிகளாகப் பெயர்களையும் ஆண்டுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வந்தார்கள். க்னோம் என்ற லினக்ஸ் மேசைத்தளத்தில் இன்னொரு அழகான ஏற்பாடு உண்டு. மொழிபெயர்க்க வேண்டிய சரங்களுக்கு நடுவே "டிரான்ஸ்லேட்டர் கிரெடிட்ஸ்" என்று ஒரு சரம் வரும். அதை மொழிபெயர்க்கக் கூடாது, அந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர்களின் பெயர்களை எழுத வேண்டும். "பற்றி" சாளரத்தைத் திறந்தால் அந்தப் பெயர்கள் தெரியும். முதல்முறை அங்கே என் பெயரைப் பார்த்தபோது வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

நான் பங்களித்த ஒரு திட்டம் மொழிபெயர்ப்புகளை இணையத்தள மேடை ஒன்றுக்கு மாற்றியது. வசதியான மாற்றம், புதியவர்கள் நிறைய வந்தார்கள். ஆனால் மேடையிலிருந்து கோப்பு திரும்ப வந்தபோது உச்சியில் இருந்த குறிப்பு வரிகள் காணோம். எனக்கு முன்னால் வேலை செய்த நாலைந்து பேர், அதில் ஒருவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தவர், மொத்தமாகப் போய்விட்டார்கள். கிட்டில் தேடலாமே என்பீர்கள். அந்தத் திட்டம் அதற்கு முன் சப்வெர்ஷன் என்ற பழைய பதிப்புக் கருவியில் இருந்தது. கிட்டில் எழுதியவர், கமிட் செய்தவர் என்று இரண்டு புலங்கள் தனித்தனியாக உண்டு. சப்வெர்ஷனில் ஒன்றுதான். யாருக்கு எழுதும் அனுமதி இருந்ததோ அவர் பெயரே பதிவாகும். மொழிபெயர்ப்பாளர்கள் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவார்கள், ஒருங்கிணைப்பாளர் ஏற்றுவார். அதனால் பத்துப் பேர் உழைப்பு ஒருவர் பெயரில் நிற்கும். அவர் நேர்மையானவர், கமிட் செய்தியில் "இன்னார் அனுப்பியது" என்று எழுதி வைத்திருந்தார். எந்த எண்ணிக்கைக் கருவியும் அந்த வாக்கியத்தைப் படிக்காது.

பழைய வெளியீடுகளின் டார் தொகுப்புக் கோப்புகளைத் தோண்டினேன். ஒவ்வொன்றிலும் அந்தக் காலத்துப் பிஓ கோப்பு அப்படியே இருந்தது, குறிப்பு வரிகளோடு. அதிலிருந்து பட்டியலைத் திரும்பக் கட்டினோம். பராமரிப்பாளர்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்டவரின் நிரலகத்திலும் ஆவணங்கள் இருக்கும், மாதிரிப் படங்கள் இருக்கும், சோதனைக் கோப்புகள் இருக்கும். அதையெல்லாம் கொடுத்தவர்கள் யார் என்று பாருங்கள்.

மார்ச் 13

இது கொஞ்சம் விலகல். உங்கள் குரோம் உலாவி ஒவ்வொரு தளத்துக்கும் தன்னை அறிமுகப்படுத்தும் வரியில் "கேஎச்டிஎம்எல், லைக் கெக்கோ" என்று ஒரு துண்டு இருக்கும். கேஎச்டிஎம்எல் என்பது வலைப்பக்கத்தைத் திரையில் வரையும் நிரல், கேடிஈ என்ற லினக்ஸ் மேசைத்தளத்தின் ஆட்கள் எழுதியது. ஆப்பிள் அதை எடுத்து வெப்கிட் ஆக்கியது, 2003-ல் சஃபாரி வந்தது. கூகுள் 2013-ல் வெப்கிட்டிலிருந்து பிரிந்து பிளிங்க் ஆக்கியது. இரண்டு முறை பெயர் மாறியும் அந்தத் துண்டு போகவில்லை. நன்றிக்காக வைத்திருக்கவில்லை, எடுத்தால் சில தளங்கள் குழம்பும் என்பதால் வைத்திருக்கிறார்கள். உண்மையான நன்றி வேறு இடத்தில் இருக்கிறது: வெப்கிட்டின் மூலக் கோப்புகள் பலவற்றின் தலையில் கேடிஈ நிரலாளர்களின் பதிப்புரிமை வரிகள் இன்றைக்கும் அப்படியே நிற்கின்றன.

மார்ச் 15

திட்டம் பெயர் மாற்றிக்கொள்வது போல ஆளும் பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்பதை யாரும் எடுக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இன்று ஒருவர் கேட்டுவிட்டார்.

திருமணம், மணமுறிவு, பாலின மாற்றம், புனைபெயரை விட்டு நிஜப் பெயருக்கு வருவது, நிஜப் பெயரை விட்டுப் புனைபெயருக்குப் போவது. காரணம் எதுவானாலும் அது அவர் சொந்த விஷயம். நாம் விசாரிக்க வேண்டியதில்லை. சிக்கல் கிட்டின் அமைப்பில் இருக்கிறது. ஒரு கமிட்டின் அடையாள எண் அதன் உள்ளடக்கம் முழுவதிலிருந்தும் கணக்கிடப்படுகிறது, எழுதியவர் பெயரும் மின்னஞ்சலும் அதற்குள் அடக்கம். ஒரு பழைய கமிட்டில் பெயரை மாற்றினால் அதன் எண் மாறும், அதை முன்னோராகக் கொண்ட எல்லாக் கமிட்டின் எண்ணும் மாறும். கையொப்பமிட்ட குறிச்சொற்கள் செல்லாமல் போகும். பெரிய திட்டம் எதுவும் இதற்குச் சம்மதிக்காது.

மெயில்மேப் கோப்புதான் இருக்கும் வழி. பழைய பெயர் வரும் இடத்தில் புதுப் பெயரைக் காட்டு என்று ஒரு வரி. கிட் 2.23-லிருந்து லாக் கட்டளை தானாகவே அதை மதிக்கிறது. ஆனால் குறை இருக்கிறது. பழைய மின்னஞ்சல் முகவரி அந்தக் கோப்பிலேயே, எல்லாரும் பார்க்கும்படி, புதுப் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும். யார் தன் பழைய பெயரை விட்டு விலகி வர விரும்புகிறாரோ அவரை அந்தப் பெயரோடு சேர்த்தே காட்டுகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் இதனாலேயே, தன் நல்ல வேலைகள் எல்லாம் பழைய பெயரில் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார். வேலை தேடும்போது தன் பங்களிப்பு என்று எதையும் காட்ட முடியாமல் நின்றார். அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

அதனால் பராமரிப்பாளர்களுக்கு: யாராவது பெயரை மாற்றச் சொல்லிக் கேட்டால், முதலில் உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். ஆத்தர்ஸ் கோப்பு, இணையத்தளம், வெளியீட்டுக் குறிப்புகள், ஆவணங்கள். இவற்றில் மாற்ற எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. மெயில்மேப் வேண்டுமா வேண்டாமா என்பதை அவரிடமே கேளுங்கள். நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள்.

மார்ச் 15, பின்னிரவு

ஒன்று விட்டுப்போனது. தன் பெயரே வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் ஆசிரியருக்கு உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமங்களில், படைத்தவர் கேட்டால் நடைமுறைக்கு ஒத்துவரும் அளவுக்கு அவர் பெயரை எடுக்க வேண்டும். பிஎஸ்டியின் மூன்று பிரிவு உரிமமும் பங்களிப்பாளர் பெயரைக் காட்டி விளம்பரம் தேடக் கூடாது என்கிறது. "இன்னாரின் ஆசியோடு" என்று எழுதுவது நன்றி இல்லை. கேள்வி கேட்டவர் ரீட்மி எழுதும்போது இதைக் கவனியுங்கள். "இன்னார் எழுதிய இன்ன நிரலகத்திலிருந்து பிரிந்தது, அவருக்கும் இந்தப் பதிப்புக்கும் தொடர்பில்லை" என்று இரண்டையும் சொல்லுங்கள்.

மார்ச் 18

கேள்வி கேட்டவர் வேலையை முடித்துவிட்டார். களஞ்சியத்தைப் பார்த்தேன். உரிமத்தில் இரண்டு வரிகள். வரலாறு பழையதிலிருந்து தொடர்கிறது, பிளேம் போட்டால் சரியான ஆட்கள் வருகிறார்கள். பழைய பராமரிப்பாளர் தன் புகாரை எழுதியிருந்த பிழை அறிக்கையை மூடிவிட்டு, தான் முடிக்காமல் வைத்திருந்த ஒரு கிளையையும் காட்டியிருக்கிறார். கோபப்பட்டவர் வேலை கொடுத்திருக்கிறார், ரொம்ப சந்தோஷம்.

புதுப் பெயரிலும் பழைய ஆளுக்கு இடம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ராக்கி லினக்ஸ் அப்படித்தான் பெயர் பெற்றது. சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ் வெளியீடு தொடங்கிய காலத்தில் அதன் நிறுவனர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்ஸரோடு இருந்த ராக்கி மெக்கா பின்னாளில் இறந்துபோனார். 2020 டிசம்பரில் சென்ட்ஓஎஸ்ஸின் போக்கை, அதை நடத்திவந்த ரெட் ஹாட் நிறுவனம் மாற்றியதும், கர்ட்ஸர் தொடங்கிய மாற்று வெளியீட்டுக்கு நண்பரின் பெயரை வைத்தார். உங்கள் விஷயத்தில் ஆள் உயிரோடு, நல்லபடியாக இருக்கிறார். அவர் சம்மதம் இல்லாமல் வைக்காதீர்கள், கேட்டால் வேண்டாம் என்பார் என்பது என் ஊகம்.

மிச்சம் இருப்பது பிழை அறிக்கை கொடுத்தவர்கள். லினக்ஸ் கர்னலில் "ரிப்போர்ட்டட் பை", "டெஸ்டட் பை" என்று கமிட்டின் அடியில் வரி சேர்க்கிறார்கள். இனி வரும் கமிட்களுக்கு அதையே பின்பற்றுங்கள். பழையவற்றுக்கு மூடிய அறிக்கைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எந்தக் கமிட் எதைத் தீர்த்தது என்று கையால்தான் பார்க்க வேண்டும். எக்சிஃப் தொடர்பானவற்றை நான் எடுத்துக்கொள்கிறேன். வண்ணச் சுயவிவரம் தொடர்பானவை அதிகம், இரண்டு பேர் தேவைப்படும். பட்டியல் கோப்பை அகரவரிசையில் வையுங்கள், கமிட் எண்ணிக்கை வரிசை வேண்டாம். பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு மடல் போகட்டும். பதில் வராதவர்கள் அறிக்கையில் என்ன பெயரில் எழுதினார்களோ அதே பெயரில் இருக்கட்டும்.